சைனீஸ் டெமாக்ரஸி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அன் ரோசஸின் இந்த ஆல்பம் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற கேள்விகள் பெரும்பாலும் பாட்டைப் பற்றி இருப்பதில்லை. எத்தனை வருடம், எவ்வளவு செலவு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்றுதான் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் கீழே இருக்கிறது. பாட்டுக்கும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இது எந்த ஆல்பம்? ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கன்ஸ் அன் ரோசஸின் ஆறாவது ஸ்டுடியோ ஆல்பம். 2008 நவம்பர் 23 அன்று வெளியானது. 14 பாட்டுகள், சுமார் 71 நிமிடம். இதற்கு முன்பு அவர்கள் வெளியிட்டது 1993இல், அதுவும் மற்றவர்களின் பாட்டுகளைத் திரும்பப் பாடிய தொகுப்பு. சொந்தப் பாட்டுகள் என்று பார்த்தால் 1991 செப்டம்பரில் ஒரே நாளில் வந்த ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ இரண்டு பாகங்களுக்குப் பிறகு இதுதான். நடுவில் 17 வருடம். கேசட்டில் அந்தக் குழுவைக் கேட்க ஆரம்பித்தவர்கள் சிடிக்கு மாறி, அதையும் விட்டு எம்பி3க்குப் போன பிறகுதான் அடுத்தது வந்து சேர்ந்தது.

பழைய குழுவுக்கு என்ன ஆனது?

1985இல் லாஸ் ஏஞ்சலஸில் உருவான குழு. 1987 ஜூலையில் வந்த ‘அப்பட்டைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ உலகம் முழுக்க ஏறக்குறைய 3 கோடிப் பிரதிகள் விற்றது. அந்த ஆல்பத்தில் வாசித்த ஐந்து பேரில் கடைசியில் எஞ்சியவர் பாடகர் ஆக்ஸல் ரோஸ் ஒருவர்தான். டிரம்மர் ஸ்டீவன் ஆட்லர் போதைப் பழக்கத்தால் 1990இல் நீக்கப்பட்டார். ரிதம் கிடாரிஸ்ட் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் 1991இல் தானே விலகினார். லீட் கிடாரிஸ்ட் ஸ்லாஷ் 1996இல் போனார். அந்தச் செய்தியை ஆக்ஸல் எம்டிவிக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பித் தெரிவித்தார். அடுத்த வருடம் பேஸ் வாசித்த டஃப் மெக்கேகனும் கிளம்பிவிட்டார்.

குழுவின் பெயர் மட்டும் ஆக்ஸலிடம் நின்றது. 90களின் தொடக்கத்தில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தது. இதை வைத்துப் பல வருடம் வாய்ச்சண்டை நடந்தது. மிரட்டி வாங்கினார் என்று ஒரு தரப்பு, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று ஆக்ஸல். 1990இல் கீபோர்ட் வாசிக்க வந்த டிஸ்ஸி ரீட் ஒருவர்தான் பழையவர்களில் அவரோடு தங்கினார்.

சரி, ஒரு ஆல்பத்துக்கு எதற்கு இத்தனை வருடம்?

ஆக்ஸலுக்கு வேண்டியிருந்தது பழைய குழுவின் சத்தம் இல்லை. 90களின் நடுவில் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் மாதிரியான இண்டஸ்ட்ரியல் இசை அவரை இழுத்தது. கணினியில் வெட்டி ஒட்டிய டிரம்ஸ், இரைச்சலான சிந்தசைசர், அதன் மேல் எல்டன் ஜான், குயீன் பாணியில் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும். இது எல்லாம் ஒரே பாட்டுக்குள் வேண்டும் என்றால் நாள் ஆகும்தான்.

அடுத்தது, வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. ஸ்லாஷும் இஸ்ஸியும் இருந்தபோது ஒரு பாட்டு ஐந்து பேரின் சண்டையில் தேறி வந்தது. பிற்பாடு சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே சம்பளத்துக்கு வந்தவர்கள். தயாரிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள்: கில்லிங் ஜோக் குழுவின் யூத், அப்புறம் ஷான் பீவன், அப்புறம் குயீனின் ‘எ நைட் அட் தி ஆபெரா’வைத் தயாரித்த ராய் தாமஸ் பேக்கர். ஒவ்வொருவர் வரும்போதும் முந்தையவர் பதிவு செய்ததில் பாதி திரும்பப் பதிவானது. டிரம்ஸ் கதையே போதும். ஜாஷ் ஃப்ரீஸ் வாசித்து முடித்திருந்தார். அவர் விலகியதும் புதிதாக வந்த பிரெயின், ஃப்ரீஸ் வாசித்ததை இசைக்குறிப்பாக எழுதி வாங்கி, அடிக்கு அடி அப்படியே மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். வாசித்தவருக்கு வந்திருக்காது.

கடைசியில் தயாரிப்பாளர்கள் என்று அட்டையில் அச்சானது ஆக்ஸலின் பெயரும், கேரம் காஸ்டன்ஸோ என்ற இன்ஜினியரின் பெயரும்தான்.

13 மில்லியன் டாலர் செலவானது உண்மையா?

2005 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் வந்த கணக்கு அது. அதுவரைக்குமே 1 கோடியே 30 லட்சம் டாலர் ஆகிவிட்டது, ஆல்பம் இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு கட்டத்தில் மாதச் செலவு 2,44,000 டாலர் என்று ஆல்பத்தை வெளியிட இருந்த இசைக் கம்பெனியின் உள்கணக்கு ஒன்றையும் அதில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். 1999 மார்ச்சுக்குள் முடித்துக் கொடுத்தால் கூடுதலாக 10 லட்சம் டாலர் தருகிறோம் என்று கம்பெனி ஆசை காட்டிப் பார்த்ததும் அதே கட்டுரையில்தான் வந்தது. அந்த மார்ச் வந்தது, போனது.

2004இல் கெஃபன் கம்பெனி பொறுமை இழந்தது. ஒப்புக்கொண்ட பட்ஜெட்டைத் தாண்டிப் பல மில்லியன் போய்விட்டது, இனி செலவு உங்களுடையது என்று கடிதம் எழுதிவிட்டு, போட்ட பணத்தை எடுக்கப் பழைய ஹிட் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ஆக்ஸல் தடுக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்தத் தொகுப்பு நன்றாகவே விற்றது.

ராக் வரலாற்றிலேயே அதிகச் செலவான ஆல்பம் இது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் இந்தத் தொகையைச் சொல்லி ஆல்பத்தை மட்டம் தட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. செலவு கம்பெனியின் கவலை, கேட்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

இதில் வாசித்தவர்கள் யார் யார்?

நீண்ட பட்டியல். கிடாருக்கு மட்டும் ராபின் ஃபிங்க், பக்கெட்ஹெட், ரான் தால் என்கிற பம்பிள்ஃபுட், ரிச்சர்ட் ஃபோர்டஸ் என்று ஆள் மேல் ஆள். பேஸ், ரீப்ளேஸ்மெண்ட்ஸ் குழுவில் இருந்த டாமி ஸ்டின்சன். டிரம்ஸில் பிரெயினும் ஃபிராங்க் ஃபெரரும். ஆர்க்கெஸ்ட்ரா ஏற்பாட்டில் பால் பக்மாஸ்டர், மார்கோ பெல்ட்ராமி. ‘ஸாரி’ பாட்டில் பின்குரலாக, ஸ்கிட் ரோ குழுவின் முன்னாள் பாடகர் செபாஸ்டியன் பாக்.

இவர்களில் தனியாகச் சொல்ல வேண்டியவர் பக்கெட்ஹெட். தலையில் கோழிக்கறி வாளி, முகத்தில் வெள்ளை முகமூடி. பேச்சு அபூர்வம். ஸ்டுடியோவுக்குள் அவருக்கென்று ஒரு கோழிக்கூண்டு கட்டிக் கொடுத்தார்கள், அதற்குள் உட்கார்ந்து வாசித்தார் என்று கூட இருந்தவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கோமாளித்தனத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிட வேண்டாம். ஆல்பத்தின் சிறந்த சோலோக்களில், அதாவது கிடார் தனி வாசிப்புகளில், பல அவருடையவை. 2004இல் அவரும் விலகிவிட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை: குயீனின் கிடாரிஸ்ட் பிரையன் மே வந்து ‘கேட்சர் இன் தி ரை’ பாட்டுக்குக் கிடார் வாசித்துக் கொடுத்தார். இறுதி வடிவத்தில் அதை நீக்கிவிட்டார்கள். பிரையன் மே வாசித்ததையே வேண்டாம் என்று வைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அந்த இடைக்காலத்தில் குழு மேடையே ஏறவில்லையா?

ஏறியது. 2001 ஜனவரி 1 அன்று லாஸ் வேகாஸில், அதே மாதம் பிரேசிலின் ராக் இன் ரியோவில். 2002இல் பெரிய சுற்றுப்பயணம் ஒன்று தொடங்கி அலங்கோலமாக முடிந்தது. நவம்பரில் வான்கூவரிலும் டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவிலும் கடைசி நேரத்தில் கச்சேரி ரத்தானதால் ரசிகர்கள் அரங்கை அடித்து நொறுக்கினார்கள். மீதி நிகழ்ச்சிகளும் அதோடு கைவிடப்பட்டன. ஆனால் புதுப் பாட்டுகளில் சில இந்த மேடைகளில்தான் முதலில் கேட்கப்பட்டன. ஆல்பத்தில் ‘ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்’ என்று இருப்பதைத் தீவிர ரசிகர்கள் 2001 முதலே ‘தி புளூஸ்’ என்ற பெயரில் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

டாக்டர் பெப்பர் கதை என்ன?

2008 மார்ச்சில் அந்தக் குளிர்பானக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது: இந்த வருடத்துக்குள் ஆல்பம் வந்துவிட்டால் அமெரிக்காவில் உள்ள எல்லாருக்கும் ஒரு கேன் இலவசம், ஸ்லாஷுக்கும் பக்கெட்ஹெட்டுக்கும் மட்டும் கிடையாது. வரவே வராது என்கிற தைரியம். வந்துவிட்டது. இலவசக் கூப்பனுக்கு ஒரே ஒரு நாள் இணையதளத்தைத் திறந்து வைத்தார்கள், கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. ஆக்ஸலின் வக்கீல் கண்டனக் கடிதம் அனுப்பினார்.

கேலி அதற்கும் முன்பே ஆரம்பித்திருந்தது. 2003இல் ஆஃப்ஸ்ப்ரிங் குழு, எங்கள் அடுத்த ஆல்பத்துக்கு ‘சைனீஸ் டெமாக்ரஸி’ என்றுதான் பெயர் வைக்கப்போகிறோம் என்று அறிவித்து ஆக்ஸலைச் சீண்டியது. அதற்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது. கடைசியில் அவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

விற்பனை எப்படி?

முதல் வாரத்தில் அமெரிக்காவில் சுமார் 2,61,000 பிரதிகள், பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம். பிரிட்டனில் இரண்டாம் இடம். வேறொரு குழுவாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். இவர்களுக்கு அது தோல்வியாகப் பேசப்பட்டது. அமெரிக்காவில் அந்த வாரம் முதலிடம் கான்யே வெஸ்டுக்கு.

விற்ற விதமும் விசித்திரம். அமெரிக்கக் கடைகளில் பெஸ்ட் பை என்ற ஒரே சங்கிலிக் கடையில்தான் சிடி கிடைத்தது. அவர்கள் 13 லட்சம் பிரதிகளை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதாகச் செய்திகள் வந்தன. அதனால் ஆக்ஸலுக்குக் கைமேல் பணம், கடைக்காரர்களுக்கு அலமாரி நிறையச் சரக்கு. சில வருடம் கழித்து அதே கடையில் 2 டாலருக்கு அந்த சிடி கிடந்தது.

விளம்பரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. முறையான வீடியோ இல்லை, டிவி பேட்டி இல்லை, உடனடிச் சுற்றுப்பயணம் இல்லை. ஆல்பம் வந்த நேரத்தில் ஆக்ஸல் ஆளே கண்ணில் படவில்லை. டிசம்பரில் திடீரென்று ரசிகர்களின் இணைய மன்றங்களில் வந்து கேள்விகளுக்கு நீளமாகப் பதில் எழுதினார். அடுத்த சுற்றுப்பயணம் 2009 டிசம்பரில் தைவானின் தைபேயில் தொடங்கியபோது ஆல்பத்துக்கு ஒரு வயது ஆகியிருந்தது.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

திட்டித் தீர்த்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரோலிங் ஸ்டோன் இதழில் டேவிட் ஃபிரிக் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். துணிச்சலான, யாருக்கும் வளைந்து கொடுக்காத ஹார்ட் ராக் என்பது அவர் கருத்து. எதிர்ப்பக்கம் பிட்ச்ஃபோர்க் என்ற இசை இணையதளம் பத்துக்கு 5.8 போட்டது. விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி எடுக்கிற மெட்டாக்ரிடிக்கில் நூற்றுக்கு 64. பரவாயில்லை ரகம்.

எல்லாவற்றிலும் நினைவில் நிற்பது அமெரிக்க எழுத்தாளர் சக் க்ளோஸ்டர்மன் எழுதியது. இதை விமர்சிப்பது இசையை விமர்சிப்பது போல இல்லை, யூனிகார்ன் என்ற கற்பனை மிருகத்தையே நேரில் பார்த்து விமர்சிப்பது போல என்றார். அவருக்கு ஆல்பம் பிடித்தும் இருந்தது.

அந்த வாரங்களில் வந்த விமர்சனங்களை இப்போது எடுத்துப் படித்தால் ஒன்று தெரியும். முதல் நான்கு பத்தி காத்திருப்பு, செலவு, ஸ்லாஷ் இல்லாத குறை. பாட்டு வரும்போது கட்டுரை முடியப்போகிறது. 17 வருடத்தைத்தான் அவர்கள் எடைபோட்டார்கள், 71 நிமிடத்தை அல்ல. இதற்கு விமர்சகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இத்தனை வருடம் இழுத்தடித்து, வெளியிட்டதும் காணாமல் போய்விட்டால் அவர்கள் வேறு எதை எழுதுவார்கள்?

சீனாவில் தடை செய்யப்பட்டதா?

அரசு தரப்பில் வரவேற்பு இருக்கவில்லை. தலைப்புப் பாட்டில் ஃபாலுன் கோங் என்ற ஆன்மிக இயக்கத்தின் பெயர் வருகிறது. சீனாவில் அது தடை செய்யப்பட்ட இயக்கம், ஆகவே அங்கே முறையாக வெளியாக வழியே கிடையாது. அரசு சார்பான குளோபல் டைம்ஸ் நாளிதழ், சீனாவின் மேல் விஷம் கக்கும் ஆல்பம் என்ற தொனியில் எழுதியது. வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளரிடம் கேட்டபோது, இந்த மாதிரி இசை இரைச்சலாக இருப்பதால் நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார். ஒரு வகையில் அதுவும் ஒரு விமர்சனம்தான்.

உண்மையில் ஆல்பத்தில் சீனாவின் பங்கு அந்த ஒரு பாட்டும், அட்டையில் ஹாங்காங்கில் சுவரோரம் நிற்கும் கூடை வைத்த சைக்கிளும்தான். மற்றதெல்லாம் பிரிவு, துரோகம், கோபம். ஆக்ஸலின் வழக்கமான நிலப்பரப்பு.

ஒலித்தரம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆமாம், இது பலர் கவனிக்காத விஷயம். அந்தக் காலத்தில் எல்லா ஆல்பத்தையும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று அழுத்தி மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை) செய்தார்கள். அதே 2008 செப்டம்பரில் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ அதற்குப் பேர்போனது; ஒலி உடைந்து கேட்கிறது என்று ரசிகர்களே மனு போட்டார்கள். சைனீஸ் டெமாக்ரஸிக்கு மாஸ்டரிங் செய்த பாப் லட்விக் மூன்று விதமாகச் செய்து கொடுத்தார். மூன்றில் கொஞ்சமும் அழுத்தாத, அதாவது சத்தம் குறைந்த வடிவத்தை ஆக்ஸல் தரப்பு தேர்ந்தெடுத்தது. லட்விக் இதை வெளிப்படையாகவே பாராட்டினார். அதனால்தான் ஒரே நேரத்தில் நான்கைந்து கிடார், கோரஸ், வயலின் எல்லாம் ஓடினாலும் நல்ல ஹெட்ஃபோனில் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

புதிதாகக் கேட்பவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

முதல் பாட்டில் தொடங்காதீர்கள். தலைப்புப் பாட்டு ஒரு நல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு), அவ்வளவுதான். இரண்டாவது ‘ஷேக்லர்ஸ் ரிவெஞ்ச்’ ராக் பேண்ட் 2 வீடியோ கேமில் முதலில் வந்தது, அங்கேயே இருந்திருக்கலாம்.

மூன்றாவது பாட்டு ‘பெட்டர்’தான் வாசல். பொம்மைப் பாட்டு போல மெல்லிய குரலில் ஆரம்பித்து, ஹிப்ஹாப் தாளத்தில் நடந்து, நடுவில் பழைய ஆக்ஸலின் அலறல் வெடிக்கிறது. புதுமையும் பழைய குழுவும் சரியாகக் கைகோக்கும் இடம் இது. அடுத்து ‘ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்’, பியானோவில் தொடங்கும் பாட்டு. குழுவின் பழைய பாட்டு ‘நவம்பர் ரெயின்’ பிடித்தவர்களுக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும்.

என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் ‘தேர் வாஸ் எ டைம்’. கோரஸ், ஆர்க்கெஸ்ட்ரா, மனம் கசந்து ஒருத்தியை நினைக்கும் வரிகள் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பக்கெட்ஹெட் கையில் விட்டுவிடுகிறார்கள். அவர் வேகத்தைக் காட்டத் தெரிந்தவர், எல்லாருக்கும் தெரியும். இங்கே அந்த வேகத்துக்கு அழுகை இருக்கிறது. ஸ்லாஷ் இல்லாமல் என்ன கன்ஸ் அன் ரோசஸ் என்று கேட்பவர்களிடம் நான் இந்த ஒரு பாட்டைத்தான் நீட்டுவேன்.

‘திஸ் ஐ லவ்’ 90களின் தொடக்கத்திலேயே ஆக்ஸல் எழுதியது. பெரும்பாலும் பியானோவும் வயலினும். ராபின் ஃபிங்கின் சோலோ சுருக்கமானது, அழகானது. சிலருக்கு இது நாடகத்தனமாகப் படும். எனக்குப் படவில்லை. ‘மடகாஸ்கர்’ கம்பீரமாக ஆரம்பிக்கிறது. நடுவில் மார்ட்டின் லூதர் கிங் பேச்சையும் சினிமா வசனங்களையும் ஒட்டியது கொஞ்சம் அதிகப்படி. ‘ஸ்க்ரேப்ட்’, ‘ரியாட் அண்ட் தி பெடூயின்ஸ்’ இரண்டையும் தாண்டிப் போனால் நஷ்டமில்லை.

ஆல்பத்தின் குறை என்று எதைச் சொல்வீர்கள் என்றால், அதிகமாகச் செதுக்கியதை நான் சொல்லமாட்டேன். ஐந்து பேர் ஒரே அறையில் நின்று வாசிக்கும்போது வருகிற ஒரு தள்ளாட்டம், ஒருவர் காலை ஒருவர் மிதிப்பது, அது இதில் எங்கேயுமே இல்லை. ‘அப்பட்டைட்’ அதில்தான் உயிர்த்திருந்தது.

ஸ்லாஷ் இதைப் பற்றி என்ன நினைத்தார்?

பகையாக இருந்த காலத்திலேயே நல்லதாகத்தான் பேசினார். பழைய குழுவின் சத்தம் இல்லை, ஆனால் ஆக்ஸல் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டார் என்பது அவர் பார்வை. 2016இல் அவரும் டஃப்பும் குழுவுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகான கச்சேரிகளில் தலைப்புப் பாட்டு, ‘பெட்டர்’, ‘திஸ் ஐ லவ்’ ஆகியவற்றை ஸ்லாஷே வாசித்திருக்கிறார். அந்த வடிவங்களையும் தேடிக் கேளுங்கள், குறிப்பாக ‘திஸ் ஐ லவ்’.

இந்தியாவில் இந்தப் பாட்டுகளை மேடையில் வாசித்திருக்கிறார்களா?

2012 டிசம்பரில் பெங்களூரு, மும்பை, குருகிராம் மூன்று இடங்களிலும் கச்சேரி நடந்தது. அப்போது ஸ்லாஷ் கிடையாது, இந்த ஆல்பத்தின் காலத்துக் குழுதான். சென்னை ரசிகர்களுக்கு எட்டும் தூரம் பெங்களூருதான்.

பதிவு செய்து வெளியிடாத பாட்டுகள் இன்னும் இருக்கிறதா?

இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. 2021இல் வந்த ‘அப்சர்ட்’, 2001 கச்சேரிகளில் ‘சில்க்வர்ம்ஸ்’ என்ற பெயரில் வாசித்த பாட்டின் மறுவடிவம். அதே வருடம் வந்த ‘ஹார்ட் ஸ்கூல்’, 2023இல் வந்த ‘பர்ஹாப்ஸ்’, ‘தி ஜெனரல்’ எல்லாமே அந்தக் காலத்துப் பதிவுகளில் பிறந்தவை, ஸ்லாஷும் டஃப்பும் மேலே வாசித்துப் புதுப்பித்தவை. ‘ஹார்ட் ஸ்கூல்’ பாட்டை மட்டுமாவது கேளுங்கள். 2008இல் ஆல்பத்தின் முதல் பாட்டாக அதை வைத்திருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.